குறுக்குத் தொகுப்பானைச் சோதித்தல்: சோதனை ஸ்கிரிப்டை மேம்படுத்தும் முறை

க.பொ.த. (உயர்தரம்) தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல்
மீட்டற் கட்டுரையும் மாதிரி வினாக்களும்

இக்கட்டுரையைக் கற்ற பின்னர் நீங்கள்,
• குறுக்குத் தொகுப்பான் என்றால் என்ன என்பதை விளக்குவீர்கள்.
• நிறுவப்பட்ட தொகுப்பானைச் சோதிக்கும் ஸ்கிரிப்டில் உள்ள குறைபாடுகளை இனங்காண்பீர்கள்.
• கோப்பின் முதற் பைற்றுகளைக் கொண்டு அது எந்த முறைவழியாக்கிக்குரியது எனக் கூறுவீர்கள்.
• மேம்படுத்தப்பட்ட சோதனை ஸ்கிரிப்டின் போலிக்குறிமுறையை எழுதுவீர்கள்.

மொழிமாற்றிகள், செய்நிரற் சோதனை, எண் முறைமைகள் ஆகிய மூன்று பாடப்பகுதிகளும் இங்கு ஒன்றுசேர்கின்றன. அவற்றைத் தனித்தனியே மனனம் செய்த மாணவர்கள் பிரயோக வினாக்களில் தடுமாறுவதுண்டு. எனவே இதனைப் பென்சிலும் தாளும் கொண்டு வாசியுங்கள்.

1. குறுக்குத் தொகுப்பான்

மேல்நிலை மொழியில் எழுதப்பட்ட மூலச் செய்நிரலைப் பொறிமொழிக்கு மாற்றுவது தொகுப்பான் என நீங்கள் ஏற்கெனவே கற்றுள்ளீர்கள். சாதாரண தொகுப்பான், தான் இயங்கும் கணினிக்கே பொறிமொழியை உருவாக்கும். ஒரு கணினியில் இயங்கிக்கொண்டு வேறு வகையான முறைவழியாக்கிக்குப் பொறிமொழியை உருவாக்கும் தொகுப்பான் குறுக்குத் தொகுப்பான் எனப்படும். தொகுப்பான் இயங்கும் கணினியைத் தொகுக்கும் கணினி எனவும், உருவாகும் செய்நிரல் இயங்கவேண்டிய கணினியை இலக்குக் கணினி எனவும் இக்கட்டுரையில் அழைப்போம்.

இதன் தேவை யாது? ஆர்டுயினோ ஊனோ பலகையை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள ஏ.ரி.மெகா 328 நுண்கட்டுப்படுத்தியில் செய்நிரலைச் சேமிக்க 32 கிலோபைற்றும், மாறிகளை வைத்திருக்க 2 கிலோபைற்றும் மட்டுமே உண்டு. அதற்குள் ஒரு தொகுப்பானை இயக்குதல் இயலாது. எனவே செய்நிரலை மேசைக் கணினியில் தொகுத்து, விளைவை மட்டும் பலகைக்கு அனுப்புகின்றோம். ஆர்டுயினோ மென்பொருளில் நீங்கள் பொத்தானை அழுத்தும்போது பின்னணியில் வேலைசெய்வது ஜீ.சீ.சீ. தொகுப்பானின் ஒரு குறுக்கு வடிவமாகும்.

நிறுவப்பட்ட குறுக்குத் தொகுப்பான் என்பது ஒரு தனிக் கோப்பு அன்று. பின்வரும் பகுதிகள் யாவும் உரிய இடத்தில் இருத்தல் வேண்டும்.
(அ) தொகுப்பான்
(ஆ) ஒருங்குசேர்ப்பான்
(இ) இணைப்பான்
(ஈ) இலக்குக்குரிய தலைப்புக் கோப்புகள்
(உ) இலக்குக்குரிய, முன்னரே தொகுக்கப்பட்ட நூலகங்களும் தொடக்கக் குறிமுறையும்

இவற்றில் (உ) பகுதியை மாணவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுவர். நீங்கள் ஒரு வரியில் செய்நிரல் எழுதினாலும், இறுதிக் கோப்பில் நீங்கள் எழுதாத தொடக்கக் குறிமுறையும் நூலகக் குறிமுறையும் சேர்கின்றன. இதன் விளைவைப் பகுதி 4 இல் காண்போம்.

2. பலவீனமான ஒரு சோதனை ஸ்கிரிப்ட்

கட்டளைகளை வரிசையாக எழுதி, ஒரே தடவையில் இயக்கத்தக்கதாக வைத்திருக்கும் கோப்பு ஸ்கிரிப்ட் எனப்படும். ஆர்ம் முறைவழியாக்கிக்கான குறுக்குத் தொகுப்பானை நிறுவிய மாணவர் குழுவொன்று பின்வரும் ஸ்கிரிப்டை எழுதியதாகக் கொள்வோம்.

வரி 1: "வணக்கம்" எனக் காட்டும் சி மொழிச் செய்நிரலை மூலக் கோப்பில் எழுதுக.
வரி 2: தொகுப்பானை அழைத்து அதனைத் தொகுக்க, வரும் செய்திகளைக் குழாய்க் குறி மூலம் பதிவுக் கோப்பிற்கு அனுப்புக.
வரி 3: வருவிளைவுக் கோப்பு உண்டெனின் "சித்தி" எனக் காட்டுக.

மேலே வாசிக்குமுன் ஒரு நிமிடம் சிந்தியுங்கள். இந்த ஸ்கிரிப்ட் எந்தெந்தச் சந்தர்ப்பங்களில் தவறாகச் சித்தி வழங்கும்?

குறைபாடு 1: தவறான தொகுப்பானைச் சோதித்தல். வெறும் பெயரைக் கூறி அழைத்தால், கணினியிலுள்ள சாதாரண தொகுப்பானே இயங்கக்கூடும். குறுக்குத் தொகுப்பான் தொடப்படாமலேயே சித்தி கிடைக்கும்.

குறைபாடு 2: பழைய கோப்பு. நேற்றுத் தொகுத்த கோப்பு அதே கோப்புறையில் இருந்தால், இன்று தொகுப்பானே நிறுவப்படாதிருந்தாலும் வரி 3 சித்தி எனக் காட்டும்.

குறைபாடு 3: முடிவுக் குறியெண் மறைதல். ஒவ்வொரு கட்டளையும் முடியும்போது ஓர் எண்ணைத் திருப்பி அனுப்பும். 0 எனின் வெற்றி. வேறெந்த எண்ணாயினும் தோல்வி. இரு கட்டளைகளைக் குழாய்க் குறியால் இணைத்தால், ஷெல் வழமையாகக் கடைசிக் கட்டளையின் எண்ணையே தரும். எனவே தொகுப்பான் 1 எனத் திருப்பியனுப்பினாலும், பதிவுக் கோப்பை எழுதிய கட்டளையின் 0 மட்டுமே ஸ்கிரிப்டிற்குத் தெரியும்.

குறைபாடு 4: கோப்பின் உள்ளடக்கத்தைப் பார்க்காமை. கோப்பு உண்டு என்பதால் அது ஆர்ம் முறைவழியாக்கிக்குரியது என்று ஆகிவிடாது.

குறைபாடு 5: இயக்கிப் பார்க்காமை. தொகுத்தல் வெற்றி பெறுவதும் செய்நிரல் இலக்கில் இயங்குவதும் வெவ்வேறு விடயங்களாகும்.

இக்குறைபாடுகள் ஐந்திற்கும் பொதுவான இயல்பொன்று உண்டு. தொகுப்பான் பிழையாக இருக்கும்போதும் ஸ்கிரிப்ட் சித்தி என்றே கூறுகின்றது. தவறான தோல்வி ஏற்பட்டால் நீங்கள் அதனை உடனே தேடிப் பார்ப்பீர்கள். தவறான சித்தி கிடைத்தால் எவரும் தேடமாட்டார். செயற்றிட்டத்தைக் காட்சிப்படுத்தும் நாளில் பலகை இயங்காதபோதே பிழை வெளிப்படும். எனவே ஸ்கிரிப்டை மேம்படுத்துதல் என்பது, பிழை உள்ள இடத்தில் அது தோல்வியடையும்படி செய்தலாகும்.

3. மேம்படுத்தும் படிமுறைகள்

படி 1: தொகுப்பானின் அடையாளத்தை உறுதிசெய்தல்

தொகுப்பானை முழுப் பாதையுடன் அழைக்க வேண்டும். ஜீ.சீ.சீ. தொகுப்பானிடம் அதன் இலக்கின் பெயரைக் கேட்பதற்கு ஒரு தெரிவு உண்டு. அப்பெயரை எதிர்பார்த்த பெயருடன் ஒப்பிட்டு, வேறுபடின் அங்கேயே தோல்வி எனக் கூறி நிறுத்த வேண்டும்.

படி 2: வெறுமையான கோப்புறையில் தொடங்குதல்

ஒவ்வொரு தடவையும் புதிய தற்காலிகக் கோப்புறையை உருவாக்கி அதனுள் சோதிக்க வேண்டும். தொகுப்பானை நீங்களே மூலக் கோப்புகளிலிருந்து கட்டியெழுப்பியிருந்தால், கட்டிய கோப்புறையின் பெயரைச் சோதனையின்போது மாற்றிவிடுக. தலைப்புக் கோப்புகளையோ நூலகங்களையோ தொகுப்பான் அக்கோப்புறையிலிருந்தே பெற்றுக்கொண்டிருந்தால், உங்கள் கணினியில் எல்லாம் சரியாக இயங்கும். நிறுவிய பகுதியை மட்டும் பிரதிசெய்து எடுத்துச்செல்லும் நண்பரின் கணினியில் இயங்காது. "நிறுவப்பட்ட" தொகுப்பானைச் சோதித்தல் என்பதன் பொருள் இதுவேயாகும்.

படி 3: வருவிளைவுக் கோப்பின் தலைப்பகுதியை வாசித்தல்

லினக்ஸ் முறைமையில் இயங்கும் செய்நிரற் கோப்புகள் ஈ.எல்.எஃப். எனும் வடிவமைப்பில் உள்ளன. அதன் தொடக்கப் பைற்றுகள் (பதின்ம எண்களில்) வருமாறு:

1 தொடக்கம் 4 வரையான பைற்றுகள்: 127, 69, 76, 70 (ஈ.எல்.எஃப். அடையாளம்)
5 ஆம் பைற்று: 1 எனின் 32 பிற்று; 2 எனின் 64 பிற்று
6 ஆம் பைற்று: 1 எனின் சிறிய நிறையுடைய பைற்று முதலில் வரும்; 2 எனின் பெரிய நிறையுடைய பைற்று முதலில் வரும்
19 ஆம், 20 ஆம் பைற்றுகள்: பொறியெண்

பொறியெண்கள் சில:
40 – ஆர்ம் (32 பிற்று)
62 – இன்று மேசைக் கணினிகளில் பரவலாகவுள்ள 64 பிற்று இன்ரெல், ஏ.எம்.டி. வகை
83 – ஏ.வீ.ஆர். (ஆர்டுயினோ ஊனோவில் உள்ள வகை)
183 – ஆர்ம் (64 பிற்று)
243 – றிஸ்க் ஐந்து

உதாரணமாக 6 ஆம் பைற்று 1 ஆகவும், 19 ஆம், 20 ஆம் பைற்றுகள் முறையே 40, 0 ஆகவும் இருப்பின் பொறியெண் 40 + 0 × 256 = 40 ஆகும். எனவே அக்கோப்பு ஆர்ம் முறைவழியாக்கிக்குரியது. இந்த ஒரு சோதனை குறைபாடு 1 ஐயும் 4 ஐயும் ஒருங்கே வெளிப்படுத்தும்.

படி 4: இயக்காமலே தரவு வகைகளின் பருமனைச் சோதித்தல்

மேசைக் கணினியில் சி மொழியின் முழுவெண் மாறி வழமையாக 4 பைற்றுகளைக் கொண்டது. ஏ.வீ.ஆர். இலக்குக்கான ஜீ.சீ.சீ. தொகுப்பானில் அது வழமையாக 2 பைற்றுகளே. 2 பைற்றுகளில் அடங்கும் மிகப் பெரிய குறியுடைய முழுவெண் 32767. எனவே 200 × 200 = 40000 எனும் விடை அதனுள் அடங்காது; பொதுவாக 40000 − 65536 = −25536 எனும் பிழையான பெறுமானம் கிடைக்கும்.

இலக்குப் பலகை கையில் இல்லாதபோதும் பருமனைச் சோதிக்கலாம். சி மொழியில் அணியொன்றின் பருமன் மறை எண்ணாக இருத்தல் இயலாது. ஆகவே "முழுவெண்ணின் பருமன் 2 எனின் அணியின் பருமன் 1, அன்றேல் −1" எனச் செய்நிரலில் எழுதினால், பருமன் 2 ஆக இல்லாதபோது தொகுத்தலே தோல்வியடையும். செய்நிரலை இயக்காமல் தொகுப்பானிடமிருந்தே விடையைப் பெறும் முறை இதுவாகும்.

படி 5: மறுதலைச் சோதனை

தொடரியல் வழுவுள்ள ஒரு செய்நிரலை வேண்டுமென்றே தொகுக்கக் கொடுக்க வேண்டும். தொகுப்பான் அதனை நிராகரித்து 0 அல்லாத எண்ணைத் திருப்பியனுப்புதல் வேண்டும். ஸ்கிரிப்டிற்கு 0 கிடைப்பின், தொகுப்பானோ முடிவுக் குறியெண்ணைப் பெறும் முறையோ பழுதானது. குறைபாடு 3 இவ்வாறே வெளிப்படும்.

படி 6: இலக்கில் இயக்குதல்

பலகை இருந்தால் கோப்பை அதற்கு அனுப்பி இயக்கலாம். இல்லையெனின், ஒரு முறைவழியாக்கியின் செயற்பாட்டை மென்பொருளினால் போலச்செய்யும் எமுலேற்றரைப் பயன்படுத்தலாம். ஃபப்ரிஸ் பெலார்ட் என்பவர் 2003 இல் வெளியிட்ட கியூ.ஈ.எம்.யூ. இதற்குப் பெரிதும் பயன்படுகின்றது. இயக்கும்போது மூன்று விடயங்களைச் செய்ய வேண்டும்: நேர எல்லை விதித்தல், வருவிளைவை எதிர்பார்த்த விடையுடன் ஒப்பிடுதல், முடிவுக் குறியெண்ணைப் பார்த்தல். நேர எல்லை இல்லாவிடின் முடிவில்லாத தடத்தில் சிக்கிய செய்நிரல் முழுச் சோதனையையும் நிறுத்திவிடும்.

லினக்ஸ் ஷெல்லில் காணக்கூடிய சில முடிவுக் குறியெண்கள்:
0 – வெற்றி
124 – நேர எல்லை கடந்தமையால் நேர எல்லைக் கட்டளையினால் நிறுத்தப்பட்டது
132 – முறைவழியாக்கி அறியாத அறிவுறுத்தல் (128 + 4)
139 – நினைவக அணுகல் வழு (128 + 11)

இறுதி இரண்டிலும் 128 உடன் கூட்டப்பட்டிருப்பது, செய்நிரலை நிறுத்திய சமிக்ஞையின் இலக்கமாகும்.

படி 7: மூன்றாவது பெறுபேறு

எமுலேற்றர் நிறுவப்படாத கணினியில் படி 6 ஐச் செய்ய முடியாது. அப்போது ஸ்கிரிப்ட் எதனைக் கூற வேண்டும்? சித்தி என்பது பொய். சித்தியின்மை என்பதும் பொருந்தாது, ஏனெனில் தொகுப்பானில் பிழை காணப்படவில்லை. பரீட்சைக்குத் தோற்றாத மாணவரைச் சித்தியடைந்தோர் பட்டியலிலும் சேர்ப்பதில்லை, சித்தியடையாதோர் பட்டியலிலும் சேர்ப்பதில்லை. அதுபோல "சோதிக்கப்படவில்லை" எனத் தனியாகக் கூற வேண்டும். ஓட்டோமேக் எனும் கருவியில் ஒரு சோதனை 77 எனும் எண்ணைத் திருப்பியனுப்பின் அது தவிர்க்கப்பட்ட சோதனையாகக் கணக்கிடப்படும்.

ஆனால் தொகுப்பானே காணப்படாவிடின் அது சித்தியின்மையாகும். சோதிக்கப்படும் பொருள் தொகுப்பான். எமுலேற்றர் சோதனைக்கு உதவும் கருவி மட்டுமே.

4. நிகழ்ந்த உதாரணம்: ராஸ்பெரி பை

2012 இல் வெளிவந்த முதலாவது ராஸ்பெரி பை பலகையின் முறைவழியாக்கி ஆர்ம் 1176 வகையைச் சேர்ந்தது. அது ஆர்ம் கட்டமைப்பின் 6 ஆம் பதிப்பாகும். 2015 இல் வெளிவந்த ராஸ்பெரி பை சீரோவும் அதே வகையே. ஆனால் டெபியன் லினக்ஸின், தசம எண் கணிப்பை வன்பொருளில் செய்யும் 32 பிற்று ஆர்ம் வடிவம் 7 ஆம் பதிப்பிற்காகவே தொகுக்கப்பட்டது. இதனாலேயே டெபியனின் பொதிகளை 6 ஆம் பதிப்பிற்காக மீளத் தொகுத்து 2012 இல் ராஸ்பியன் பணிசெயல் முறைமை உருவாக்கப்பட்டது. 2020 இல் இப்பலகைகளின் அதிகாரபூர்வ முறைமையின் பெயர் ராஸ்பெரி பை ஓ.எஸ். என மாறியது.

இப்போது மேசைக் கணினியில் டெபியன் வழங்கும் 32 பிற்று ஆர்ம் குறுக்குத் தொகுப்பானை நிறுவி, ராஸ்பெரி பை சீரோவுக்குச் செய்நிரல் எழுதுவதாகக் கொள்வோம். தொகுத்தல் வெற்றி. பொறியெண் 40, அதுவும் சரி. ஆயினும் பலகையில் இயக்கியவுடன் 132 எனும் குறியெண்ணுடன் நின்றுவிடும். 6 ஆம் பதிப்பு முறைவழியாக்கிக்கு 7 ஆம் பதிப்பின் அறிவுறுத்தல்கள் தெரியாமையே காரணமாகும். உங்கள் செய்நிரலை மட்டும் 6 ஆம் பதிப்பிற்குத் தொகுக்குமாறு தெரிவு கொடுத்தாலும் பயனில்லை. முன்னரே தொகுக்கப்பட்ட தொடக்கக் குறிமுறையும் நூலகங்களும் 7 ஆம் பதிப்பிலேயே இருக்கும். பகுதி 1 இல் (உ) இனை மறக்கவேண்டாம் என்றது இதற்காகவே.

எமுலேற்றர் இதனைக் கண்டுபிடிக்குமா? கியூ.ஈ.எம்.யூ. இற்கு முறைவழியாக்கியின் வகையைக் கூறாவிடின், பல பதிப்புகளின் அறிவுறுத்தல்களையும் அறிந்த பொதுவான ஆர்ம் முறைவழியாக்கியாக அது செயற்படும். செய்நிரல் அழகாக இயங்கி "வணக்கம்" எனக் காட்டும். ஸ்கிரிப்ட் சித்தி வழங்கும். வகையை ஆர்ம் 1176 எனக் குறிப்பிட்டால் மட்டுமே பலகையில் தோன்றும் அதே 132 இங்கும் தோன்றும். இலக்கைவிடக் கூடுதல் ஆற்றலுள்ள இடத்தில் சோதித்தல் இலக்கில் சோதித்தலாகாது என்பதைக் கவனத்திற்கொள்க.

5. மேம்படுத்தப்பட்ட ஸ்கிரிப்டின் போலிக்குறிமுறை

தொடக்கம்
1. எதிர்பார்க்கும் இலக்கு, பொறியெண், முறைவழியாக்கி வகை ஆகியவற்றை இலக்கு விபரக் கோப்பிலிருந்து வாசிக்க.
2. முழுப் பாதையில் தொகுப்பான் இல்லையெனின் "சித்தியின்மை", நிறுத்துக.
3. தொகுப்பான் கூறும் இலக்கு வேறெனின் "சித்தியின்மை", நிறுத்துக.
4. புதிய தற்காலிகக் கோப்புறையை உருவாக்கி அதனுள் செல்க.
5. வழுவுள்ள செய்நிரலைத் தொகுக்க. குறியெண் 0 எனின் "சித்தியின்மை", நிறுத்துக.
6. தரவு வகைப் பருமனைச் சோதிக்கும் செய்நிரலைத் தொகுக்க. குறியெண் 0 அன்றெனின் "சித்தியின்மை", நிறுத்துக.
7. சரியான செய்நிரலைத் தொகுக்க. செய்திகளை நேரடியாகப் பதிவுக் கோப்பில் எழுதுக. குறியெண் 0 அன்றெனின் "சித்தியின்மை", நிறுத்துக.
8. கோப்பின் பொறியெண் பொருந்தாவிடின் "சித்தியின்மை", நிறுத்துக.
9. பலகையோ எமுலேற்றரோ இல்லையெனின் "தொகுத்தல் சரி, இயக்கம் சோதிக்கப்படவில்லை", 77 உடன் நிறுத்துக.
10. உரிய முறைவழியாக்கி வகையில், நேர எல்லையுடன் இயக்குக.
11. குறியெண் 0 ஆகவும் வருவிளைவு எதிர்பார்த்ததாகவும் இருப்பின் "சித்தி", அன்றேல் "சித்தியின்மை", குறியெண்ணையும் காட்டுக.
முடிவு

வரி 1 ஐ அவதானிக்க. இலக்கின் விபரங்கள் ஸ்கிரிப்டினுள் எழுதப்படாமல் தனிக் கோப்பில் உள்ளன. எனவே வேறொரு பலகைக்கு மாறும்போது விபரக் கோப்பை மட்டும் மாற்றினால் போதும். ஜீ.சீ.சீ. தொகுப்பானின் சோதனைத் தொகுதி பயன்படுத்தும் டெஜாக்னு எனும் சட்டகமும் பலகை விபரங்களைத் தனிக் கோப்புகளிலேயே வைத்திருக்கின்றது. நிறுவப்பட்ட தொகுப்பானின் இடத்தை அச்சட்டகத்திற்கு அறிவித்துச் சோதனைகளைத் தொடக்கும் ஒரு ஸ்கிரிப்டும் ஜீ.சீ.சீ. மூலக் கோப்புகளுடன் வழங்கப்படுகின்றது.

பரீட்சைக் குறிப்பு: சோதனைபற்றிய வினாவுக்கு "செய்நிரல் சரியாக உள்ளதா எனப் பார்த்தல்" என மட்டும் எழுதாதீர்கள். எந்தப் பிழையை எந்தப் படி வெளிப்படுத்துகின்றது எனப் பெயர்கூறி எழுதுங்கள்.

6. மாதிரி வினாக்கள்

வினா 1. ஆர்ம் (32 பிற்று) இலக்குக்காகத் தொகுத்த கோப்பொன்றின் முதல் ஆறு பைற்றுகள் 127, 69, 76, 70, 2, 1 ஆகவும், 19 ஆம், 20 ஆம் பைற்றுகள் 62, 0 ஆகவும் உள்ளன. உமது முடிவு யாது? நிகழ்ந்திருக்கக்கூடிய தவறு யாது?

வினா 2. முழுவெண் மாறி 2 பைற்றுகளைக் கொண்ட இலக்கில் 300 × 200 இனைக் கணித்தால் பொதுவாகக் கிடைக்கும் பெறுமானம் யாது?

வினா 3. நான்கு சோதனைகள் முறையே 0, 77, 124, 132 எனும் குறியெண்களுடன் முடிந்தன. சித்தியடைந்தவை எத்தனை? ஏனையவற்றின் நிலை யாது?

வினா 4. ஒரு ஸ்கிரிப்ட் பத்துத் தடவை இயக்கப்பட்டுப் பத்துத் தடவையும் சித்தி வழங்கியது. "ஆகவே தொகுப்பான் சரியானது" எனும் கூற்றை ஆராய்க.

விடைகள்

1. 5 ஆம் பைற்று 2 ஆதலால் 64 பிற்று. பொறியெண் 62 ஆதலால் கோப்பு மேசைக் கணினி வகைக்குரியது. குறுக்குத் தொகுப்பானுக்குப் பதிலாகச் சாதாரண தொகுப்பான் அழைக்கப்பட்டிருக்கலாம்.

2. 60000 − 65536 = −5536.

3. ஒன்று மட்டுமே சித்தி (0). 77 சோதிக்கப்படவில்லை. 124 நேர எல்லை கடந்தமையால் சித்தியின்மை. 132 முறைவழியாக்கி அறியாத அறிவுறுத்தலால் சித்தியின்மை. முறைவழியாக்கியின் பதிப்பைச் சரிபார்க்க வேண்டும்.

4. அக்கூற்றை அப்படியே ஏற்க முடியாது. பிழை உள்ளபோது ஸ்கிரிப்ட் தோல்வியைக் காட்டும் என்பது முதலில் நிறுவப்பட வேண்டும். வழுவுள்ள செய்நிரலைக் கொடுத்தும், தொகுப்பானின் பாதையைத் தற்காலிகமாக மாற்றியும், தவறான பொறியெண்ணை விபரக் கோப்பில் எழுதியும் பார்த்தல் வேண்டும். இம்மூன்றிலும் சித்தியின்மை கிடைப்பின், அந்தப் பத்துச் சித்திகளுக்கும் அச்சோதனைகளின் எல்லைக்குள் பெறுமதி உண்டு.

செயற்பாடு: பகுதி 2 இலுள்ள பலவீனமான ஸ்கிரிப்டை உங்கள் பாடசாலைக் கணினியில் எழுதி, தொகுப்பானின் பெயரில் ஓர் எழுத்தைப் பிழையாக இட்டு, பழைய வருவிளைவுக் கோப்பை அழிக்காமல் இயக்கிப் பாருங்கள். திரையில் "சித்தி" எனத் தோன்றுவதைக் காண்பீர்கள். பின்னர் பகுதி 5 இன் 2 ஆம், 4 ஆம் வரிகளைச் சேர்த்து மீண்டும் இயக்கி, வேறுபாட்டை உங்கள் குறிப்புப் புத்தகத்தில் பதிவு செய்க.